மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

ஸல்பியா வீட்டுத் தாலம் நான்கு வருஷமாகக் கட்டிய முடிச்சு அவிழாமலே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நபி பிறந்த மவ்லூது மாதம் வந்தால் அலூ கெரிங் ஊரில் வீட்டுக்கு ஒரு தாலம் கட்டி மெனாசாவுக்கு அனுப்ப வேண்டும். மெனாசா என்றால் ஊர் ஆண்கள் தொழவும் கூடிப் பேசவும் இருக்கிற மரக் கொட்டகை. வாழையிலையில் கூம்பாகக் கட்டிய சோறு, வாத்துக் கறி, பலாக்காய் போட்ட ஆட்டுக் கறி, புளியில் வதக்கிய சூரைக் கருவாடு, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் பசையரிசிச் சோறு. அத்தனையையும் அடுக்கி மேலே துணி போட்டு முடிச்சுப் போடுவார்கள். நபி புகழ் ஓதி முடிந்ததும் ஆண்கள், யார் வீட்டுத் தாலம் என்று பார்க்காமல் பிரித்துச் சாப்பிடுவார்கள். பார்க்காமல் என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஸல்பியாவின் தாலத்தை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அவள் ஊரில் ஒரே தையற்காரி. அவள் துணியின் ஓரத்தில் அவள் கைப் பூவேலை இருக்கும்.

வேறு ஏதாவது பழைய துணியைப் போட்டு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை யோசனை சொன்னாள். ஸல்பியா கேட்கவில்லை. பேரை மறைத்துக்கொண்டு சோறு போடுவது சோறு போடுவதாகாது என்பது அவள் எண்ணம். அசர் தொழுகைக்குப் பிறகு தாலம் திரும்பி வரும். தான் போட்ட முடிச்சு தனக்குத் தெரியாதா. அதை அவளே அவிழ்த்து, அவளும் மகள் நஸ்வாவும் இரண்டு நாள் வைத்துச் சாப்பிடுவார்கள்.

எல்லாம் ஹஸ்பியால் வந்தது என்று ஊர் சொல்லும். ஹஸ்பி அவள் புருஷன். சந்தைக்கும் மலையடிவாரத்துக்கும் பயணிகள் வண்டி ஓட்டினவன். இருக்கை நிறையாமல் வண்டியை எடுக்க மாட்டான், அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களைச் சிரிக்கவைத்தே அரை மணியைக் கழித்துவிடுவான். ராணுவத்தோடு சண்டை நடந்த காலத்தில் மீன் கூடைக்கு அடியில் அரிசி மூட்டை வைத்து, மலையில் ஒளிந்து சண்டை போட்ட பையன்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான். ராணுவத்தான் கை காட்டினாலும் வண்டியை நிறுத்துவான். நிறுத்தாத வண்டியைச் சுட்டுவிடுவார்கள், நிறுத்தாமல் என்ன செய்வான்.

கடல் ஏறி வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு புதன்கிழமை விடிகிற நேரத்தில் ராணுவம் மலை முகாமைச் சுற்றி வளைத்தது. ஒன்பது பையன்கள் போனார்கள். மவார்தி என்கிறவனுக்கு ஒரு கால் போயிற்று. பங்லிமா என்று எல்லோரும் கூப்பிடுகிற முகாம் தலைவர் தர்மீஸி மட்டும் அன்று முகாமில் இல்லை. வேறு முகாமுக்கு ஆலோசனைக்குப் போயிருந்தேன் என்றார். ஒன்பது உயிர் போயிருக்கிறது, காட்டிக்கொடுத்தவன் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கு ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். ஹஸ்பி ராணுவத்தானையும் ஏற்றுகிறவன். பெயர் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து வந்தவர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறக்கிக் கொண்டுபோனார்கள். மறுநாள் பாக்குத் தோப்பில் கிடந்தான். ஜனாஸாத் தொழுகைக்கு இமாம் தெங்கு பாஷாவும் இன்னும் நாலு பேரும்தான் நின்றார்கள்.

ஸல்பியாவுக்கு ஒன்று தெரியும். அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம் பங்லிமா தர்மீஸி அவள் வாசலில் நின்றார். மீசையை எடுத்துவிட்டுத் தொப்பியை இறக்கிப் போட்டிருந்தார். கூட சந்தைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்குத் தைத்த பச்சைப் பட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போவதற்காக வந்திருந்தார்கள். பன்னிரண்டு சின்னப் பொத்தான் வைத்த சட்டை, பொத்தான் வைத்ததே அன்று காலையில்தான். மூன்று நாளாக அவர் மலையை விட்டு இறங்கி அந்தப் பெண் வீட்டில்தான் கிடந்தார். அவர் ஏறி இறங்கின தடத்தைப் பார்த்துத்தான் ராணுவம் மலையேறியது. ஆலோசனை நடந்தது பட்டுச் சட்டையைப் பற்றி.

அவள் இதை வெளியே சொல்லவில்லை. அப்போது நஸ்வாவுக்குப் பத்து வயது. அந்த நாளில் ஒரு வார்த்தைக்கு ஒரு உயிர் விலை. சமாதானம் வந்த பிறகு சொல்லலாமே என்றால், ஆள்காட்டியின் பெண்டாட்டி சொல்வதை யார் காதில் வாங்குவார்கள். அதைவிட, சொல்ல வேண்டியவர் வாயால் அது வர வேண்டும் என்று அவள் தொழுகைப் பாயில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சமாதானம் எங்கோ ஒரு குளிர் தேசத்தில் கையெழுத்தாகி வந்தது. துப்பாக்கிகளை மைதானத்தில் வைத்து ரம்பத்தால் அறுத்தார்கள். தர்மீஸி ஒப்படைத்த துப்பாக்கி மலையிலேயே சுடாத துப்பாக்கி என்று மவார்தி காப்பிக் கடையில் சொல்லிச் சிரித்தானாம். அப்புறம் தேர்தல். ஊர் ஊராகத் தர்மீஸியின் முகம் துணியில் தொங்கியது. மாவட்டத்தை ஆள்கிறவரை அங்கே பூபதி என்பார்கள். மலையில் இருந்தபோது பூபதி என்ற சொல்லைச் சொன்னாலே காறித் துப்புவார் அவர். இப்போது அவரே பூபதி.

அவர் ஆண்ட அழகைத் துணி தைக்க வருகிற பெண்கள் கதை கதையாகச் சொன்னார்கள். பதவி ஏற்குமுன்பே அலுவலகத்துக்கு ஒத்திகைக்குப் போனாராம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாராம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடந்தால் உடம்பு ஆகாதாம். பதினொரு வருஷம் மரத்தடியில் படுத்தவருக்கு இப்போது குளிர் இயந்திரம் ஓடினால்தான் கையெழுத்து வருகிறதாம். கீழே கையெழுத்துப் போடுங்கள் ஐயா என்று வயதான குமாஸ்தா விரலால் தொட்டுக் காட்டினால் அங்கே போடுகிறாராம், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படிக்கிறதில்லையாம். பழைய பையன்கள் வேலை கேட்டு வந்து நின்றால் பின்பக்கக் கதவால் போய்விடுகிறாராம். ஸல்பியா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். புறம் பேசுவது பாவம் என்று தெரியும். கேட்காமல் இருக்கவும் மனம் வரவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இதெல்லாம் பிறகு வந்த பேச்சு. அவர் பதவி ஏற்பதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஊரில் ஆண் வாசனையே இல்லாத நேரம். எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஸல்பியா வீட்டு முன்னால் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. தர்மீஸி இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அவள் கதவை விரியத் திறந்து வைத்து, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"தங்கச்சி, ஒரு வேலை இருக்கு. வெளிய தெரியக் கூடாது" என்றார்.

"ஜும்ஆவுக்குப் போகலையா பங்லிமா?"

"நான் பயணத்துல இருக்கேன். பயணிக்குக் கடமை இல்லைன்னு உனக்குத் தெரியாதா."

நகரத்திலிருந்து அலூ கெரிங்குக்குக் காரில் இருபது நிமிஷம். மலையில் பையன்களுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். ஸல்பியா அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். பால் வெள்ளைத் துணி. கூட ஒரு படம். பழைய பூபதி ஒருவர் கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு போட்டு, தோளில் பொன் பட்டையும் நெஞ்சில் பறவைச் சின்னமுமாக நிற்கிற படம். அந்தப் பூபதியின் காரைத்தான் ஒரு காலத்தில் தர்மீஸி கொளுத்தச் சொன்னார். படத்தில் முகம் தெரியாதபடி மடித்து வைத்திருந்தார், கோட்டு மட்டும் தெரிந்தது.

"இதே மாதிரி வேணும். நகரத்துல தைச்சா தையல்காரன் ஊரெல்லாம் சொல்லிடுவான். நீ வாய் திறக்காதவ."

அவள் வாய் திறக்காதவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷமாக அந்தத் தைரியத்தில்தானே நிம்மதியாகத் தூங்கினார்.

அன்னிய ஆணின் உடம்பை அவள் தொட்டு அளக்க மாட்டாள். ஆண்களின் சட்டையென்றால் அவர்கள் வீட்டுப் பெண்கள் அளந்து கொண்டுவருவார்கள். இங்கே வேறு வழி இல்லை. அளவு நாடாவை மேசை மேல் வைத்துவிட்டு, நீங்களே சுற்றிப் பிடித்து எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். தர்மீஸி நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றினார். ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். நெஞ்சு மேலே ஏறியது, வயிறு எங்கேயோ போய் ஒளிந்தது, முகம் சிவந்தது. முப்பத்தாறு என்றார் இறுக்கிய பல்லுக்கு நடுவிலிருந்து. மூச்சை விட்டதும் நாடா அவர் கையை விட்டு நழுவியது. நஸ்வா குனிந்துகொண்டாள். ஸல்பியா முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டாள்.

"இன்னொன்னு தங்கச்சி. இந்தத் தோள் பட்டையும் நெஞ்சுப் பறவையும் தைக்காத. டிச் பட்டன் போட்டுடு. ஆபீஸ்ல மாட்டிக்கிறேன், ஊருக்கு வந்தா கழட்டிக்கிறேன். நம்ம பசங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவாங்க."

டிச் பட்டனைத் தலையணை உறைக்கும் கைக்குழந்தைச் சட்டைக்கும்தான் அவள் போட்டுப் பழக்கம். சரி என்றாள். கூலி எவ்வளவு என்று கேட்டார். அவசரத்தில், அரசாங்கத் திட்டம் ஏதாவது ஒன்றில் உன் பேரைப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார்.

"எனக்கு எதுவும் வேணாம். மவ்லூதுக்கு ஊருக்கு வருவீங்கல்ல. என் தாலத்தை நீங்க பிரிச்சுச் சாப்பிடணும். அவர் ஆள்காட்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

தர்மீஸி கூரையைப் பார்த்தார். "காலம் அப்படி இருந்துச்சு தங்கச்சி."

"அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்க இங்க வந்ததை நான் யார்கிட்டயும் சொல்லல."

வெளியே கார் ஓட்டி இருமுகிற சத்தம் கேட்டது. தர்மீஸி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சொல்றேன். இன்ஷா அல்லாஹ்" என்றார். கடன் கேட்டு வந்தவனைத் தட்டிக்கழித்து அனுப்புகிறவன் சொல்கிற இன்ஷா அல்லாஹ் போலத்தான் அது இருந்தது. ஆனாலும் அல்லாஹ்வின் பெயர் அதில் இருக்கிறதே என்று அவள் நம்பினாள்.

கோட்டைத் தைத்தாள். நல்ல தையல்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பதவி ஏற்ற அன்று அவர் மூச்சே விடாமல் நின்றார் என்றும், தேசிய கீதத்துக்கு உதட்டை மட்டும் அசைத்தார் என்றும் பெண்கள் வந்து சொன்னார்கள்.

மவ்லூது வந்தது. பூபதி வருகிறார் என்று மெனாசாவுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். ஸல்பியா விடியற்காலையிலேயே வாத்தை அறுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி, கறி வைத்தாள். புதுத் துணி எடுத்து ஓரத்தில் பூ போட்டிருந்தாள். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டாள். இந்த முறை அவிழ்க்கிறவர் கைக்குச் சிரமம் வேண்டாம் என்று. மெனாசாப் படி வரை அவளே தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள். தெங்கு பாஷா வந்து உள்ளே எடுத்துப் போனார். அவள் மற்றப் பெண்களோடு கிணற்றடியில் நின்றாள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் எப்போதும் போல ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தது.

தர்மீஸி காலையில் நகரத்தில் அதிகாரிகளைப் பதவியில் அமர்த்தும் சடங்கு முடித்துவிட்டு நேராக வந்தார். வெள்ளைக் கோட்டு. ஊர் எல்லையில் காரை நிறுத்தி, தோள் பட்டைகளையும் பறவையையும் டக் டக்கென்று கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதைப் பாக்கு உரித்துக்கொண்டிருந்த பெண்களே பார்த்தார்கள். அவர் வந்து சேருமுன் அந்தச் செய்தி மெனாசாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முன்வரிசையில் அவர் உட்கார்ந்தார். சம்மணம் போட்டதும் கோட்டு வயிற்றில் ஏறி இறுகியது. பக்கத்தில் பழைய பையன்கள். மவார்தி கட்டைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எதிரில் பத்திரிகைக்காரன் ஒருவன் படப்பெட்டியோடு நின்றான்.

ஓதி முடிந்தது. தாலங்களைப் பிரிக்கிற நேரம். தெங்கு பாஷா பூப்போட்ட துணித் தாலத்தைப் பூபதி முன்னால் நகர்த்தி வைத்தார். எல்லோர் கண்ணும் அந்த முடிச்சுக்குப் போனது.

தர்மீஸி முடிச்சில் கை வைத்தார். அவிழ்த்தார். ஸல்பியாவுக்குக் கிணற்றடியில் கண் கலங்கிவிட்டது, யா அல்லாஹ் உனக்கே புகழ் என்றாள். அப்போது அவர் எழுந்து நிற்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கையை உயர்த்திப் படக்காரனைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

சமாதானம் என்றால் என்ன என்று தொடங்கினார். மனதில் பழியை வைத்துக்கொண்டு மாவட்டத்தை ஆள முடியாது என்றார். இந்தத் தாலம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், இந்த வீட்டு மனிதனால் ஒன்பது பிள்ளைகளை இழந்தோம், அதை மறக்க முடியாது என்றார். பிறகு குரலை இறக்கினார்.

"ஆனா, நான் ஹஸ்பியை மன்னிச்சுட்டேன். நீங்களும் மன்னிச்சிடுங்க."

ஆமீன் என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். படக்காரன் படம் எடுத்தான். தர்மீஸி முகத்தில் பெரிய மனது செய்தவரின் சோகத்தை வைத்துக்கொண்டு சோற்றை எடுக்கக் குனிந்தார். முப்பத்தாறில் தைத்த கோட்டு அந்த வயிற்றை எவ்வளவு நேரம் தாங்கும். பையின் வாய் பிதுங்கியது. பொன் தோள் பட்டை ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து வாத்துக் கறிக்குள் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மவார்திதான் கையை நீட்டி அதை எடுத்தான். குழம்பை வழித்துவிட்டு நீட்டினான். "பங்லிமா, உங்க தோள் கறியில விழுந்துடுச்சு."

அதற்குள் ஸல்பியா படியேறி வந்துவிட்டாள். மவ்லூது அன்று பெண்கள் ஏறாத படி. செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு தாலத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். தடுக்க எழுந்தவர்களைத் தெங்கு பாஷா கையால் அமர்த்தினார். அவள் குரல் எப்போதும் போல மெல்லத்தான் இருந்தது. கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லாததால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"என் புருஷனுக்கு யார் மன்னிப்பும் வேணாம். முகாம் விழுந்ததுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பச்சைப் பட்டுச் சட்டை வாங்க என் வாசலுக்கு யார் வந்தாங்கன்னு பங்லிமா சொல்லட்டும். சொன்னா தாலம் இங்கயே இருக்கட்டும்."

தர்மீஸி தோள் பட்டையைக் கோட்டு முனையில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியது. நேரமாகிவிட்டது, நகரத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று கார் ஓட்டியைப் பார்த்துச் சொன்னார். பதினொரு வருஷம் ராணுவத்தை எதிர்த்து நின்றதாகச் சொல்லிக்கொண்ட மனிதர் ஒரு தையற்காரியின் கேள்விக்கு முன்னால் செருப்பைத் தேடினார்.

ஸல்பியா தாலத்தை மூடினாள். இரண்டு முறை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து நஸ்வாவுக்கு இலை போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். அசர் பாங்கு சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து வாசலில் கட்டை ஊன்றுகிற சத்தம் கேட்டது. மவார்தி நின்றான். கால் போன வருஷம் அவன் வந்து காறித் துப்பிவிட்டுப் போன அதே படி.

"சட்டைக்கு எத்தனை பொத்தான்?" என்று கேட்டான்.

"பன்னெண்டு. சின்னது."

அவன் தலையை ஆட்டினான். அந்தச் சந்தைப் பக்கத்துப் பெண் இப்போது தர்மீஸியின் சின்ன வீட்டுக்காரி. போன பெருநாளுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பழைய பையன்களுக்குப் பலகாரம் கொடுத்தாள். மவார்தியும் வாங்கித் தின்றான், பொத்தான் வரிசையும் அவன் கண்ணில் பட்டது. மரக்காலின் வாரைத் தளர்த்துகிற மாதிரி குனிந்தான்.

"சோறு இருக்காக்கா?"

அவன் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அவனுக்குப் பின்னால் தெங்கு பாஷா வந்தார், வெறுங்கையோடு வராமல் ஒரு தேங்காயும் கொண்டுவந்தார். நான்கு வருஷமாகத் தாலத்தைத் தூக்கிப்போய்த் தூக்கி வந்தேனே தவிர ஒரு கவளம் எடுக்க எனக்கும் தைரியம் வரவில்லை, அல்லாஹ்விடம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றார். பொழுது சாய்கிற மகரிபுக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சோறு போதவில்லை. கிணற்றடியில் ஒரு ஆள் இடம் விட்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக வந்து அடுப்பில் வைத்தாள். துணி மட்டும் முடிச்சு அவிழ்ந்து கொடியில் கிடந்தது.

மறுநாள் பத்திரிகையில் தர்மீஸி தாலத்தின் மேல் கை வைத்திருக்கிற படம் வந்தது, மன்னிக்கும் மனம் படைத்த பூபதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊரில் அதை யாரும் மடித்துக்கூட வைக்கவில்லை. அன்று தெங்கு பாஷா பாக்குத் தோப்புக்கு ஆட்களைக் கூட்டிப் போய் ஹஸ்பிக்காக யாஸீன் ஓதினார்.

பத்து நாள் கழித்துக் கறுப்புக் கார் மறுபடி வந்தது. கார் ஓட்டி மட்டும் இறங்கினான். கையில் வெள்ளைக் கோட்டு, மஞ்சள் கறை போகவில்லை. வயிற்றுப் பக்கம் தையல் விட்டிருந்தது. ஐயா ரெண்டு அங்குலம் தளர்த்தித் தரச் சொன்னார் என்றான், தலையைச் சொறிந்துகொண்டே.

அன்று நாடா நழுவினதைப் பார்த்தவள் ஸல்பியா. துணியை வெட்டும்போதே உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுத்தான் தைத்திருந்தாள். பிரித்துத் தைக்க அரை மணி நேரம் போதும். அவள் கோட்டை மேசை மேல் விரித்துப் பார்த்தாள், மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு அப்படியே மடித்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"புதுசா அளந்துட்டு வரச் சொல்லுங்க தம்பி. இந்தத் தடவை மூச்சை விட்டுட்டு."

சொல்லிவிட்டு நஸ்வாவின் பள்ளிச் சட்டையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.